காலம் மாறிய விருந்து

திருநாள் என்பது நாளினாற் சிறக்கின்றதோ, அன்று கூடும் மாந்தராற் சிறக்கின்றதோ என்பது ஆராய்தற்குரிய வினாவாம். அதற்கு விடை காணும்பொருட்டு, ஆஸ்திரேலிய நாட்டார் ஜூலை மாதத்தில் நடத்தும் கிறிஸ்துமஸ் விருந்தினை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

நிலவுலகின் தென்பாகத்தே பருவங்கள் வடபாகத்திற்கு மாறாக நிகழ்வன. சிட்னி நகரில் டிசம்பர் மாதம் கோடை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். இங்கிலாந்திலிருந்து அங்குக் குடியேறினோர் தம் முன்னோரின் பனிக்கால உணவுகளையும் உடன்கொண்டு சென்றனர். சுட்ட வான்கோழியும், உலர்ந்த திராட்சை செறிந்த பிளம் புட்டிங்கும் கணப்பருகே அமர்ந்து உண்ணத் தக்கன. கொளுத்தும் வெயிலில் அவை உடற்குச் சுமையேயாம். ஆதலின் அந்நாட்டாருட் சிலர், டிசம்பர் 25இல் திருநாளை முறைப்படி கொண்டாடியபின், ஜூலையிலும் சுற்றமும் நட்பும் சூழ மற்றொரு விருந்து அயர்கின்றனர். சிட்னிக்கு மேற்கே நீலமலைத் தொடரில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள கட்டூம்பா என்னும் குளிரூர் இவ்விருந்திற்குப் பெயர்பெற்றது.

இவ்வழக்கம் திருநாளின் பெருமையைக் குறைக்கும் என்பாரும் உளர். கிறிஸ்து பிறந்த நாள் இன்னதென வேதாகமம் கூறவில்லை. ரோமாபுரியில் 354இல் தொகுக்கப்பெற்ற குறிப்பேடு டிசம்பர் 25ஐக் குறிக்கின்றது. ஆர்மீனியத் திருச்சபையாரோ ஜனவரி 6இல் கொண்டாடுகின்றனர். எனினும், பலரும் ஒருங்கே வணங்குதற்குப் பொதுநாள் ஒன்று இன்றியமையாதது. ஜூலை விருந்து அந்நாளின் இடத்தைக் கவர வந்ததன்று. அந்நாள் விட்டுவிட்டோரைக் கூட்ட வந்ததாம்.

விட்டுவிடப்பட்டோர் யாவர்? திருநாளன்றும் நோயாளரருகே நிற்கும் செவிலியர், நடுக்கடலில் கப்பல் செலுத்துவோர் முதலானோர். எம் தோழர் ஒருவரின் தந்தையார் கப்பற்றொழிலர். டிசம்பரில் அவ்வீட்டில் ஓர் இலை வெறுமையாகவே கிடக்கும். அவர் வந்திறங்கும் மாதமே அவர்தம் மக்களுக்குத் திருநாளாம். அவ்வீட்டார்க்குக் காலம் மாறிய விருந்து விளையாட்டன்று.

இனி, இத்தகைய விருந்து நடத்துவார் கருதற்பாலன சில. முன்பு வர இயலாதிருந்தவரைக் கேட்டே நாள் குறித்தல் வேண்டும். அட்டிற்றொழில் முழுவதையும் இல்லாள் ஒருத்தியின்மேற் சுமத்தாது, வருவோர் ஒவ்வொருவரும் ஒரு பண்டம் கொணரக் கூட்டாஞ்சோறாக அமைத்தல் நன்று. உணவு அவ்விடத்துப் பருவத்திற்கு இயைந்ததாதல் வேண்டும். பரிசில்களை விடுத்தல் செலவைக் குறைக்கும். வறியோரும் நாணாது வருவர். உற்றார் அற்ற ஒருவரையேனும் அழைத்தல் தலையாய கடன்.

விருந்து என்னும் சொல்லே இக்கருத்திற்குச் சான்று பகரும். தொல்காப்பியச் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாய் வரும் விருந்து, புதுமையைக் குறிப்பது. அச்சொல் புதிதாய் வந்தோரையும், அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. வருவோர் இன்றேல் சோறு உண்டு, விருந்தில்லை.

ஆகவே அன்பர்காள்! நாட்காட்டியிற் பண்டிகை கடந்துவிட்டதென்று வருந்தற்க. வாராதிருந்தவர் வரும் நாளில் இலை விரிப்போமாக.