‘கட்டாயக் கல்வி’ யாருக்குக் கட்டாயம்?

சேலம், நாமக்கல் சமவெளியில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அனுப்பாத பெற்றோர் மீது வழக்குப் போடலாம், அபராதம் விதிக்கலாம், உள்ளேகூடத் தள்ளலாம் என்னும் நம்பிக்கை தவறாமல் தலைகாட்டுகிறது. 2009ஆம் ஆண்டு நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பெயரில் ‘கட்டாயம்’ என்ற சொல் இருப்பது இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்க்கிறது. அந்தச் சொல்லுக்கு 8ஆம் பிரிவு வகுத்திருக்கும் பொருளோ முற்றிலும் வேறு: 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியை இலவசமாக வழங்குவதும், குழந்தை பள்ளியில் சேர்வதையும் தொடர்ந்து வருவதையும் படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வதும் அரசின் மீது விழுந்த கட்டாயம் என்பதே அது. அடுத்த பிரிவு இதே பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தருகிறது.

பெற்றோரின் கடமையைச் சொல்லும் 10ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறதே தவிர, நாள்தோறும் அனுப்புவதைப் பற்றியோ, தவறினால் தண்டனை என்றோ அங்கே ஒரு சொல்கூட இல்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகளில் பதினொன்றாவதாகச் சேர்ந்த பெற்றோர் கடமையும் இவ்வாறே தண்டனை இல்லாத கடமைதான். அனுமதியின்றி விடுப்பு எடுக்கும் பிள்ளைக்காகப் பெற்றோரிடம் அபராதம் வசூலிப்பது இங்கிலாந்தின் வழக்கம். சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டம் சிறைத்தண்டனைக்கும் இடம் தருகிறது. அயலகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே காணும் நடைமுறை ஊர்ப்பேச்சில் இங்குள்ள சட்டமாகவே ஏறிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இதை வைத்து, பிள்ளையை எப்படி வைத்துக்கொண்டாலும் பெற்றோரைச் சட்டம் தொடாது என்று கருதுவதும் பிழை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெற்றோர் முதல் முறை தப்பினாலும், மறுமுறை 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு ஆளாகலாம். வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமிக்குத் திருமணம் செய்துவைத்தால், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெற்றோரையும் விட்டுவைப்பதில்லை. ஆக, பிள்ளை வகுப்பில் இல்லாதது கல்வி உரிமைச் சட்டப்படி பெற்றோரின் குற்றமாகாது; அந்த நேரத்தில் எங்கே, எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பது குற்றமாகலாம்.

பெற்றோரின் அக்கறையின்மைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்னும் நம்பிக்கை ஆசிரியர் அறைகளிலும் அலுவலகங்களிலும் செல்வாக்குடையது; குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களை அறிந்தவர்களுக்கு இது அரைகுறை விளக்கமாகவே படும். தறி ஓட்ட வருபவருக்கு உரிமையாளர் மொத்தமாகக் கொடுக்கும் முன்பணத்துக்கு அங்கே ‘பாக்கி’ என்று பெயர். வேலையில் இருக்கும்வரை அதைத் திருப்பிக் கேட்பதில்லை. வேலையை விட்டுப் போகும்போது கணக்கை முடிக்க வேண்டும், அல்லது புதிய உரிமையாளர் அதைத் தீர்த்துவிட்டு அழைத்துக்கொள்ள வேண்டும். குமாரபாளையத்தில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், பாக்கி தொழிலாளியைக் கட்டிப்போடும் கயிறாகவும், கூடுதல் பணம் கேட்டுப் பேரம் பேசும் பிடியாகவும் ஒருசேர இருப்பதை எடுத்துக்காட்டினார். பாக்கியோடு குடும்பமும் இடம் பெயர்கிறது. படிப்பாண்டின் நடுவில் ஆற்றுக்கு அக்கரைக்கோ அடுத்த ஊருக்கோ போன வீட்டின் பிள்ளை பழைய பள்ளியில் வராததாகவும் புதிய ஊரில் சேராததாகவும் நின்றுவிடுகிறது. தந்தையும் தாயும் தறியில் நிற்க, ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றி நாடாவுக்கு எடுத்து வைக்கவும், தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு கை தேவைப்படுகிறது. அந்தக் கை பெரும்பாலும் மூத்த பெண்ணுடையது. பள்ளி நேரம் முடிந்தபின் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம், ஆபத்தான தொழில்கள் மட்டும் கூடாது என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்த விலக்கு, வீட்டோடு தறி இருக்கும் இடத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எந்த ஆய்வாளராலும் எளிதில் அளந்துவிட முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்குப் போகும் தாய்க்கு எத்தனை அறிவுரையைக் காட்டிலும் பயன்பட்டிருக்கும்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் பிள்ளை படிக்கிறது என்பது இன்னொரு நம்பிக்கை. முன்னறிவிப்பின்றி 45 நாட்கள் அல்லது அதற்கு மேல் வராத பிள்ளையை, பெயர் பதிவில் இருந்தாலும், பள்ளி செல்லாக் குழந்தை என்றே மத்திய அரசின் வரையறை கொள்கிறது. 2023 மார்ச் 13 அன்று நடந்த பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்குத் தமிழகத்தில் சுமார் 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி அதிர்ச்சியாகப் பேசப்பட்டது. பள்ளியை எப்போதோ விட்டு நின்றவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தது பின்னரே வெளிவந்தது. வருகை முழுமையாக இருப்பதும் கல்வி முழுமையாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு, கோழிப் பண்ணைகளை நினைவூட்டும் ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டப்பெயரை நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பெற்றதே சான்று; ஒரு நாளும் தவறாமல் அமர்ந்திருந்த மாணவர்களுக்குப் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு நடத்தும் வழக்கம், 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வரக் காரணங்களில் ஒன்றாயிற்று.

பல நாள் வராத பிள்ளையின் பெயரை அடித்துவிடலாம் என்றும், மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்றும் நம்பும் பள்ளிகளும் உண்டு. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்க வேண்டும், அது தாமதமாவதைக் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லாததும் மறுப்புக்குக் காரணமாகாது. ஆகவே பாக்கி தீர்ந்து பள்ளிபாளையம் வந்த குடும்பத்தின் பத்து வயதுப் பிள்ளை, இரண்டு ஆண்டு பள்ளிப் பக்கமே போகாதிருந்தாலும், கையில் ஒரு தாள்கூட இல்லாதிருந்தாலும், தன் வயதுக்கு உரிய ஐந்தாம் வகுப்பிலேயே சேர்க்கப்பட வேண்டும். விட்டுப்போன பாடங்களுக்கெனச் சிறப்புப் பயிற்சி தர வேண்டியது பள்ளியின் பொறுப்பு.