பரணிலிருந்து இறக்கிய கணினிக்கு டயல்-அப்

விண்டோஸ் 98 ஓடும் பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டு, "இதில் டயல்-அப் வேண்டும், அந்த மோடம் சத்தத்தைப் பிள்ளைகள் கேட்க வேண்டும்" என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் எந்த எண்ணுக்கு டயல் செய்வது என்ற தேடலில்தான் தொடங்குகிறார்கள். அந்தத் தேடலை விட்டுவிடுங்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இணையச் சேவையைத் தொடங்கிவைத்த காலம் போயாயிற்று. அமெரிக்காவிலேயே ஏஓஎல் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் டயல்-அப் சேவையை மூடிவிட்டது.

வீட்டு ஃபைபர் பெட்டியின் பின்னால் டெலிபோன் துளை இருக்கிறதே என்று அதில் மோடத்தைச் செருகிப் பார்ப்பதும் வீண் வேலை. அந்த வழியில் குரல் பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. பேச்சின் நடுவே ஒரு பாக்கெட் தொலைந்தால் நம் காது பொருட்படுத்தாது. மோடமோ தடுமாறி, பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்கும், அல்லது இணைப்பையே துண்டித்துவிடும்.

என் யோசனை, எக்ஸ்சேஞ்சையும் இணைய நிறுவனத்தையும் உங்கள் மேசை மேலேயே வைத்துக்கொள்வதுதான். ஒரு சிறிய இபிஏபிஎக்ஸ் (இன்டர்காம்) பெட்டி, எடுத்துப் பேச இன்னொரு கணினி, இரண்டு டெலிபோன் ஒயர். இவ்வளவு போதும்.

மின்சாரம் கொடுக்கும் முன் பழைய கணினியின் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் நிறுத்திவிட்டு மாற்றக் கொடுங்கள். 486 காலத்துப் பலகைகளில் பீப்பாய் வடிவ நிக்கல்-கேட்மியம் பேட்டரி கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கும். அதைக் கழற்றி எறியுங்கள். ஹார்டு டிஸ்கை முதலில் வேறு கணினியில் மாட்டி முழுதாக நகலெடுங்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த டிஸ்க் எத்தனை தடவை சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி மோடம். பிசிஐ அட்டையாக உள்ளே இருந்தால் பெரும்பாலும் அது 'வின்மோடம்' ரகம். சமிக்ஞைக் கணக்கை எல்லாம் கணினியின் பிராசஸர் தலையில் கட்டிவிடும். லூசென்ட், கோனெக்ஸன்ட், பிசிடெல் என்று சிப்பில் எழுதியிருக்கும். அதே சிப்புக்கான 98 டிரைவர் கிடைக்காவிட்டால் அது வெறும் தகடு. சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தனி அடாப்டர், முகப்பில் வரிசையாக விளக்குகள், எந்த இயங்குதளம் என்றாலும் கவலை இல்லை. சென்னை என்றால் ரிச்சி தெருவின் பழைய பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். சில மோடங்கள் நேர் மின்சாரம் கேட்காமல் மாறு மின்சாரம் கேட்கும். கைக்குக் கிடைத்த அடாப்டரைப் பொருத்தினால் புகை வரும்.

சீரியல் போர்ட்டையும் சோதித்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், அதில் டயக்னாஸ்டிக்ஸ், பிறகு மோர் இன்ஃபோ. யுஆர்ட் என்ற வரியில் 16550 என்று வந்தால் நிம்மதி. அதற்கு 16 பைட் இடைத்தாங்கல் உண்டு. 8250 அல்லது 16450 என்று வந்தால் ஒரு பைட்டுக்குமேல் பிடித்துவைக்க முடியாது. வேகமான மோடம் அனுப்பும் எழுத்துகள் வழியிலேயே சிந்திவிடும். அப்படிப்பட்ட கணினிக்கு 16550 உள்ள ஐஎஸ்ஏ சீரியல் அட்டை ஒன்று தேவை. போர்ட் வேகத்தை 1,15,200 என்று வையுங்கள். மோடம் தகவலைச் சுருக்கி அனுப்புவதால், கம்பியின் வேகத்தைவிடப் போர்ட் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும்.

"டயல் செய்ததும் மவுஸ் உறைந்துவிடுகிறது" என்ற புகாருக்குக் காரணம் வேறு. காம்1-ம் காம்3-ம் ஐஆர்க்யூ 4 என்ற ஒரே குறுக்கீட்டு வரியைப் பகிர்கின்றன. காம்2-ம் காம்4-ம் ஐஆர்க்யூ 3-ஐ. சீரியல் மவுஸ் காம்1-இல் இருக்க, உள் மோடம் காம்3-இல் உட்கார்ந்தால் இரண்டும் மோதும். ஜம்பரை நகர்த்தி மோடத்தைக் காம்2-க்கு மாற்றுங்கள். பலகையில் இருக்கும் காம்2-ஐ பயாஸில் அணைக்கவும் மறக்காதீர்கள்.

இபிஏபிஎக்ஸ் என்பது சின்ன அலுவலகங்களில் இன்டர்காமுக்கு வைத்திருந்த அதே பெட்டி. டயல் டோன், மணி, லைன் மின்னழுத்தம் எல்லாம் அதுவே தரும். நிறைய அலுவலகங்கள் கழித்துக்கட்டிவிட்டதால் மலிவு விலைக்குக் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: பட்டன் நிறைந்த ரிசப்ஷன் போனுக்கென்று இருக்கும் துளையில் மோடத்தை மாட்டாதீர்கள். அது டிஜிட்டலாக இருந்தால் மோடம் எரிந்துபோகும். சாதாரண போனை மாட்டிப் பேச முடிகிற எக்ஸ்டென்ஷன் துளைதான் வேண்டும். முதலில் இரண்டு சாதாரண போன்களை மாட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். அங்கே இரைச்சல் கேட்டால் மோடத்துக்கும் அது கேட்கும்.

எதிர்முனையில் இருப்பதற்கு எளிய ஆள், உள்ளேயே மோடம் உள்ள எக்ஸ்பி காலத்து லேப்டாப். நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் புது இணைப்பு, அட்வான்ஸ்ட், 'அக்செப்ட் இன்கமிங் கனெக்ஷன்ஸ்' என்று போய் மோடத்தைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் உள்ள ஒரு பயனர் பெயரை அனுமதியுங்கள். டிசிபி/ஐபி பண்புகளில், கூப்பிடுபவர் உள்ளூர் நெட்வொர்க்கைத் தொடலாம் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளால் வீட்டு ரவுட்டரில் இணைத்துவிட்டால் நீங்களே இணைய நிறுவனம். லினக்ஸ் பழகியவர்கள் எம்கெட்டி, பிபிபிடி இரண்டையும் வைத்து இதைவிடச் சுத்தமாகச் செய்யலாம். பொறுமை இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

98-இல் டயல்-அப் நெட்வொர்க்கிங் கோப்புறையில் புது இணைப்பு உருவாக்கி, எதிர்முனை எக்ஸ்டென்ஷன் எண்ணைக் கொடுங்கள். சர்வர் டைப்ஸ் பக்கத்தில் நெட்பியூயி, ஐபிஎக்ஸ், 'லாக் ஆன் டு நெட்வொர்க்' மூன்றின் டிக்கையும் எடுத்துவிட்டு டிசிபி/ஐபி-யை மட்டும் வையுங்கள். ஃபைல் ஷேரிங்கையும் டயல்-அப் அடாப்டரிலிருந்து விலக்குங்கள். 'நோ டயல் டோன்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். இபிஏபிஎக்ஸ் தரும் டோன் மோடத்துக்குப் பழக்கமில்லாதது. மோடம் பண்புகளில் 'வெயிட் ஃபார் டயல் டோன்' கட்டத்தின் டிக்கை எடுங்கள். ஒலிபெருக்கி அளவும் அதே இடத்தில்தான். சத்தம் கேட்கத்தானே இத்தனை பாடு, கூட்டி வையுங்கள்.

மோடத்தின் அட்டையில் 56கே என்று அச்சிட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 33.6 கிலோபிட். 56கே வேகத்துக்கு இணைய நிறுவனத்தின் முனை டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருக்க வேண்டும். இங்கே இரண்டு முனையும் அனலாக். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மெகாபைட்டுக்கு நான்கு நிமிடம் ஆகும். அன்றும் படம் மேலிருந்து வரி வரியாகத்தான் இறங்கியது.

வேகத்தைவிடப் பெரிய சுவர் மறையாக்கம். இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் பதிப்பு 98-இன் எக்ஸ்ப்ளோரருக்குத் தெரியாது. வெப்ஒன் போன்ற ப்ராக்ஸி நிரலை வீட்டிலுள்ள புதிய கணினி ஒன்றில் ஓடவிட்டால், பூட்டைத் திறந்து பக்கத்தை எளிமையாக்கித் தரும். பலர் ப்ராக்ஸி முகவரியை லேன் செட்டிங்ஸில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். டயல்-அப் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய செட்டிங்ஸில் போட வேண்டும். வெறும் எழுத்தாகப் படிக்க ஃப்ராக்ஃபைண்ட் என்ற தேடுதளம் போதும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் கடவுச்சொல் எதையும் இந்தக் கணினியில் தட்டாதீர்கள். ப்ராக்ஸிக்கும் இதற்கும் நடுவே எல்லாம் திறந்த கடிதமாகத்தான் போகும்.

தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கணினியில் கோளாறு இல்லை. விண்டோஸில் யூனிகோட் தமிழ் 2000 பதிப்பில்தான் வந்தது. 98-இன் காலத்தில் டிஸ்கி என்ற எழுத்துக் குறியாக்கம் ஒரு பக்கம், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு முன்வைத்த டாம், டாப் குறியாக்கங்கள் இன்னொரு பக்கம், போதாததற்கு இதழ்கள் ஒவ்வொன்றும் சொந்த எழுத்துரு. அந்தக் காலப் பக்கங்களின் சேமிப்பைப் பார்க்க வேண்டுமானால், அந்தந்த எழுத்துருவைத் தேடி நிறுவி, எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் என்கோடிங்கை 'யூசர் டிஃபைன்ட்' என்று மாற்றுங்கள்.