வருவாய் வரியும் மக்கள் இசைவும்

ஒருவன் உழைத்து ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை அரசு பெற்றுக் கொள்ளுதல் முறையாகுமோ என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். நிலவரியும் சுங்கமும் நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கி வந்தவை. ஆயின், தனிமனிதனது ஆண்டு வருவாயைக் கணக்கிட்டு அதன்மேல் இறை கொள்ளும் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

1857-ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னர் இந்திய அரசின் கடன் பெருகிற்று. அக்குறையை நிரப்புதற்கு இங்கிலாந்தினின்று நிதிப் பொறுப்பேற்று வந்த ஜேம்ஸ் வில்சன் என்பார் வருவாய் வரியைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருவாயினர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு மேல் 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2 வீதமும், அதனினும் மிக்க வருவாய்க்கு 4 வீதமும் விதிக்கப்பட்டன.

அந்நாளில் சென்னை ஆளுநராக இருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். புதுவரி மக்களிடையே மனக்கசப்பை விளைவிக்கும் என்றும், படைச் செலவைக் குறைத்தலே தக்க வழி என்றும் அவர் வாதிட்டார். தம் எதிர்ப்பைச் செய்தித்தாள்களிலும் வெளிவரச் செய்தார். அது முறைகேடு எனக் கருதப்படவே, அவர் பதவியினின்றும் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் அவ்வாண்டிலேயே காலமானார். காலத்தின் போக்கு வியப்புடையது! டிரெவெலியன் 1863-இல் நிதிப் பொறுப்பேற்று மீண்டும் இந்தியா வந்தார். 1865-இல் அவ்வரி முடிவுற்றது. பின்னர் 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வருவாய் வரி நிலைபெற்றது.

இனி, வினாவிற்கு வருவோம். 'என் உழைப்பு என்னுடையது. அதில் அரசுக்குப் பங்கு ஏது?' என்பார் உளர். அவர் கூற்றைப் புறந்தள்ளுதல் கூடாது. எனினும், வணிகன் ஒருவன் பொருளீட்டுதற்கு அவன் முயற்சி மட்டும் போதுமோ? சாலையும், நாணயமும், களவைத் தடுக்கும் காவலும், வழக்கைத் தீர்க்கும் மன்றமும் வேண்டும் அன்றோ? இவற்றின் பயனை நுகர்வோர் இவற்றின் செலவிலும் பங்கு கொள்ளுதல் நேர்மையே.

ஆயினும், பயன் உண்டு என்னும் ஒன்றே எவ்வளவு வரிக்கும் நியாயம் ஆகிவிடாது. 1860-இல் வரிச்சட்டம் செய்த அவையில் இந்தியர் ஒருவரேனும் உறுப்பினராக இல்லை. கொடுப்போர் ஒருபுறமும் முடிவு செய்வோர் மறுபுறமுமாக நின்றனர். இக்குறை நீங்க, சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ தண்டவோ கூடாது என்று 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 265-ஆம் உறுப்பு விதித்துள்ளது. அச்சட்டத்தை இயற்றுவோரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

பெரும்பான்மையோர் இசைந்ததைச் சிலர் இசையாதிருத்தல் கூடும். அவர்கள் தம் கருத்தை வெளிப்படையாகக் கூறலாம். வாக்கினால் ஆட்சியை மாற்றலாம். சட்டம் மீறப்படின் நீதிமன்றத்தையும் நாடலாம். அன்று ஓர் ஆளுநர் தம் பதவியை இழந்து பேசிய பேச்சை இன்று எளிய குடிமகனும் பேசுதற்கு உரிமையுடையன். எளியோர்க்கு விலக்கும், வலியோர்க்கு அளவும், செலவிற்குக் கணக்கும் உள்ளவிடத்து வரி முறையானதாகும். அவை இல்லாதவிடத்துக் கணக்குக் கேட்பது குடிமக்கள் கடமையாகும்.