டாக்டர் சீட்டு வேறு, கோர்ட் தீர்ப்பு வேறு



பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண். ராத்திரி தூக்கமில்லை. தனக்குத்தானே பேசுகிறாள். குழந்தையைக் கண்டு மிரளுகிறாள். "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைக் கேட்டார்: "டாக்டரே மனநோயின்னு எழுதிட்டாரே, இனி கல்யாணம் செல்லாதுதானே சார்?"

செல்லும், பெரியவரே.

டாக்டர் பார்ப்பது, நினைப்பிலோ மனநிலையிலோ ஞாபகத்திலோ பெரிய கோளாறு வந்து, நிதானமும் அன்றாடக் காரியமும் கெட்டிருக்கிறதா என்பதை. ஆடிக் கிருத்திகையில் காவடி எடுத்து அருள் வந்து ஆடுபவர், படியிறங்கியதும் பழையபடி வயல் வேலைக்குப் போகிறார். அது நோயல்ல. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி ஆக்கக்கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். எதிர்த்துப் பேசும் மருமகளைப் 'பைத்தியம்' என்று சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும்.

மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' ஆகிவிடமாட்டார் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. அதைத் தகுந்த கோர்ட்தான் சொல்லமுடியும். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து கேட்டாலும், நோயின் பெயர் மட்டும் போதாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்குக் கடுமையா என்று பார்க்கவேண்டும் என 1988-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. வலிப்பு நோயும் ஒருகாலத்தில் அச்சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக இருந்தது, 1999-ல் எடுத்துவிட்டார்கள். குற்ற வழக்கில் கேள்வியே வேறு: அந்தச் செயலைச் செய்த நேரத்தில், அது இன்னதென்றோ தப்பென்றோ அறியும் சக்தி அவருக்கு இருந்ததா?

அந்தப் பெண்ணுக்கு வந்தது பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய். ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தெரியும். மந்திரிக்க நாள் கடத்தாதீர்கள். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

கட்டிப்போடுவதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட வழியில்லாமல் மாண்டார்கள். 28 உயிர் போயிற்று. இன்று சங்கிலி போடுவதைச் சட்டமே தடுக்கிறது.

திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். வேண்டுமானால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு வழி சொல்லுவார்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நகரி, புத்தூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் தெலுங்கிலும் பேசலாம்.

ஒரு முறை வந்தது அடுத்த பிரசவத்திலும் வரக்கூடும். ஆகவே அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுங்கள். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே புருஷனும் பெண்சாதியுமாகப் போய், பழைய சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அதை மறைத்து வைக்கவேண்டாம்.