தாசன் என்ற பட்டம்

திசையன்விளை

அன்புள்ள மருமகனுக்கு,

கல்லூரிக்கு நீ எழுதிய கட்டுரையை வாசித்தேன். இங்கிலாந்துப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. "நம் பக்கத்து ராஜாக்கள் தெய்வீக உரிமை கொண்டாடவில்லை, மார்த்தாண்ட வர்மா தன்னைப் பத்மநாபதாசன் என்று தாழ்த்திக்கொண்டார்" என்ற வரிதான் உறுத்துகிறது. அதைப் பணிவென்று எடுத்துக்கொள்ளாதே.

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் ராஜாவான அவர் செய்ததைப் பார். திருவனந்தபுரம் கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் உடைவாளை வைத்து, நாட்டையே பத்மநாபப் பெருமாளுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு அதே வாளை எடுத்துக்கொண்டு, தாசனாக ஆண்டார். படையெடுத்துப் பிடித்த கொட்டாரக்கரையும் காயங்குளமும் அந்தத் தானத்தில் அடக்கம். இனி அவற்றைக் கேட்டு ஒருவன் எழுந்தால், அது சாமித் துரோகம்!

அதற்கு முன் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் யார்? பட்டம் கேட்ட தம்பிமார், அதாவது முந்தைய ராஜாவின் பிள்ளைகள். சகோதரி மகனுக்கே பட்டம் போகும் மருமக்கள்தாயப்படி அவர்களுக்கு நாடு கிடையாது. அடுத்து, கோயில் காரியம் பார்த்த யோகக்காரர். கோயில் நிலங்களைக் கையில் வைத்திருந்த எட்டு வீட்டுப் பிள்ளைமார். கோயிலின் பேரால் ராஜாவையே தடுக்க முடிந்தவர்கள் இவர்கள்தாம். பிள்ளைமாரை ஒழித்து, கோயிலைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகே தானம் நடந்தது. இந்த முன்பின்னை விட்டுவிட்டால் சரித்திரமே புரியாது. "கடவுள் எனக்குக் கொடுத்தார்" என்ற இங்கிலாந்து ராஜா சார்லசிடம் பார்லிமெண்ட் கணக்குக் கேட்டது; 1649இல் தலையையும் வாங்கியது. "எல்லாம் அவனுடையது, நான் வேலைக்காரன்" என்பவரிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது?

இந்த வம்சத்திடமும் ஒரு காலத்தில் கணக்குப் பேச முடிந்தது; அதை சுந்தரம் பிள்ளையிடம் படிக்கலாம். அவரை 'மனோன்மணீயம்' எழுதியவர் என்பதோடு உங்கள் வாத்தியார்கள் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம். ஊர் ஊராகக் கல்வெட்டுப் படித்து, திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றி அவர் எழுதிய நூலை நான் எத்தனை முறை எடுத்தாலும் மணலிக்கரைக் கல்வெட்டு வரும் பக்கத்தில்தான் நின்றுவிடுவேன். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து ஊர். 1235இல், திருவிதாங்கூர் வேணாடாக இருந்தபோது, வீர ரவி கேரள வர்மன் காலத்தில் அரசு அதிகாரிகளும் கோதைநல்லூர்ச் சபையாரும் ஊராரும் கூடிப் பேசி, இன்ன வரிதான் வாங்கலாம், விளைச்சல் பொய்த்தால் இவ்வளவுதான் என்று முடிவு செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள். இங்கிலாந்து ராஜாவின் கையைக் கட்டிய மேக்னா கார்ட்டாவுக்கு இருபதே வருடம் பிந்தியது! உன் கட்டுரையில் அதற்கு ஒரு பக்கம்; நம் ஆரல்வாய்மொழிக்கு அப்பால் கிடக்கும் இதற்கு ஒரு வரிகூட இல்லை. சபையோடு பேசி வரி வாங்கிய அதே வேணாட்டு வம்சம்தான், ஐந்நூறு வருடம் கழித்து, பேச்சுக்கே இடமில்லாத பட்டத்தைச் சூட்டிக்கொண்டது.

அந்தப் பட்டத்தின் பலம் 1949இலும் குறையவில்லை. திருவிதாங்கூர்-கொச்சி இணைந்தபோது, பத்மநாபனுக்குத் தாசனான தான் புதிய மாநிலத்தின் தலைவரான ராஜப்பிரமுகராக வேறு உறுதிமொழி எடுப்பது எப்படி என்று சித்திரைத் திருநாள் மகாராஜா தயங்கியதை, சமஸ்தான இணைப்பை நடத்திய வி.பி. மேனன் எழுதியிருக்கிறார். 'தாழ்த்திக்கொண்டார்' என்பதை அடித்துவிட்டு, மணலிக்கரையைச் சேர்த்து மறுபடி எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா