குழந்தையின் முதுகைப் பார்த்தீர்களா?



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், நாக்கைப் பார்க்கிறோம். முதுகைப் பார்ப்பது கிடையாது. சில பிள்ளைகளுக்கு நோய் நுழையும் வாசலே அங்கேதான் இருக்கிறது.

கரு உண்டாகி 28 நாளுக்குள் குழந்தையின் தண்டுவடம் குழாய்போல மூடிக்கொள்கிறது. அந்தச் சமயம் மேல்தோல் அதைவிட்டுச் சரியாகப் பிரியாமல் போனால், முதுகின் நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு துவாரம் நின்றுவிடும். அதிலிருந்து மெல்லிய குழாய் தண்டுவடம் வரைக்கும் போகலாம். தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் அந்த வழியே ஏறினால், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள சவ்வில் சீழ் பிடிக்கும். இதைத்தான் மூளைச்சவ்வுக் காய்ச்சல் என்கிறோம். டாக்டர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்பார்கள்.

1934-ல் வாக்கர், பியூசி என்ற இரண்டு டாக்டர்கள் இந்தத் தொடர்பை விளக்கி எழுதினார்கள். மருந்தினால் காய்ச்சல் தணியும். ஆனால் துவாரம் இருக்கும்வரை மறுபடியும் வரலாம். நம் நாட்டில் 2002 முதல் குழந்தைகளுக்குப் போடும் ஹிப் தடுப்பூசி அவசியம் வேண்டும். ஆனால் அது ஒரு கிருமியைத்தான் தடுக்கும், துவாரத்தை அடைக்காது.

எல்லாக் குழியையும் கண்டு பயப்பட வேண்டாம். பிட்டப் பிளவுக்குள் தெரியும் சின்னக் குழி நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிளவுக்கு மேலே, முதுகின் நடுக்கோட்டில் இவை இருந்தால் கவனியுங்கள்:

1. துவாரம், அதில் நீர் அல்லது சீழ்க் கசிவு.
2. முடிக்கொத்து.
3. சிவந்த திட்டு, மெத்தென்ற கட்டி.

"மச்சம்தானே, அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடாதீர்கள். அமுக்காதீர்கள், குச்சி விடாதீர்கள், மஞ்சளோ தைலமோ வைத்து அடைக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். தேவையென்றால் ஜொகூர் பாரு சுல்தானா அமினா போன்ற பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்து, அறுவை சிகிச்சையால் அந்தக் குழாயை அகற்றிவிடலாம். கிருமி ஏறுவதற்கு முன்பே செய்வதுதான் நல்லது.

காய்ச்சலோடு வாந்தி, பால் குடிக்காமை, ஓயாத அழுகை, தூங்கி வழிதல், உச்சிக்குழி புடைப்பு, கழுத்து விறைப்பு, வலிப்பு — இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். "முதுகில் துவாரம் இருக்குங்க, டாக்டர்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். தாமதித்தால் காது போகலாம், கால் விளங்காமல் போகலாம், உயிரே போகலாம்.

இன்று பிள்ளையைக் குளிப்பாட்டும்போது ஒரு நிமிஷம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.