தவழும் பிள்ளைக்கு லைன் வீட்டில் சில ஏற்பாடுகள்

தங்கச் சுரங்க ஊரான எங்கள் மாரிகுப்பத்தில் லைன் வீடு எவ்வளவு பெரிது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு நிலைப்படி. குப்புற விழுவதும் தவழ்வதும் பிடித்து நிற்பதும் நடப்பதும் இதற்குள்தான் நடந்தாக வேண்டும். என் மகளுக்கு இப்போது 14 மாதம். விடிவதற்கு முன் பெங்களூர் ரயில் பிடிக்கிற ஆள் நான். அதனால் கீழே இருப்பதில் பாதி என் மனைவி கண்டுபிடித்தது, மீதியில் பெரும்பகுதி என் நைனாவுடையது, அதாவது அப்பாவுடையது.

1. முதலில் நீங்கள் தவழுங்கள். கூச்சப்படாமல் கையையும் முழங்காலையும் ஊன்றி வீட்டை ஒரு சுற்று வாருங்கள். நின்றபடி பார்க்கும் வீடு வேறு, ஒன்றரை அடி உயரத்தில் பார்க்கும் வீடு வேறு. கட்டில் அடியில் கழன்று விழுந்த திருகாணி, பிளக்கில் தொங்கும் செல்போன் சார்ஜர், பீரோவுக்குப் பின்னால் வைத்து மறந்துபோன எலி மருந்து எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நைனா மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் இருந்தவர். சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் கம்பியால் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் எப்போது வேண்டுமானாலும் விழும். பேத்தி உட்காரத் தொடங்கிய வாரம் அவர் அதே மாதிரி ஸ்டூல், டிவி ஸ்டாண்டு, அலமாரி என்று ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆடியதையெல்லாம் சுவரோடு கம்பி போட்டுக் கட்டினார். பிள்ளை பிடித்து எழுந்து நிற்கப்போவது அதையெல்லாம் பிடித்துத்தான்.

2. தண்ணீர்தான் எனக்குப் பெரிய பயம். குழாயில் தண்ணீர் வரும் நாள் நம் கையில் இல்லை. அதனால் டிரம், குடம், பக்கெட், டப் என்று வீடு முழுக்கப் பிடித்து வைக்கிறோம். இந்த வயதில் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகீழாகப் போனால் தன்னைத் தூக்கிக்கொள்ளத் தெரியாது. சில அங்குலத் தண்ணீரே போதும், அதுவும் சத்தமில்லாமல் நடந்துவிடும். டிரம் மூடியைப் பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டி இறுக்குங்கள். காலி பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். நிறைந்த பக்கெட் கனமானது, பிள்ளை சாய்ந்தாலும் கவிழாது, அதனால் அதுதான் இன்னும் மோசம். குளிப்பாட்டும்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

3. அடுப்படிக்கு ஒரு தடுப்பு வேண்டும். கதவு இல்லாத அடுப்படியில் பழைய ஜன்னல் சட்டமோ பலகையோ குறுக்கே நிற்கட்டும். சோறு வடிப்பதும் குக்கரை இறக்கி வைப்பதும் தரையில் வேண்டாம். சூடு பட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்க், பேஸ்ட், எண்ணெய் எதுவும் கூடாது. மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

4. ஆடிக் காற்றில் சயனைடு மேட்டிலிருந்து தூள் பறந்து வரும். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சியதைத்தான் அங்கே கொட்டி வைத்திருக்கிறார்கள். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள், மேடு அப்படியே நிற்கிறது. தவழும் பிள்ளையின் கை தரையிலிருந்து நேராக வாய்க்குப் போகும். அதனால் துடைப்பத்தால் பெருக்கித் தூளைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். ஊட்டும் முன் உங்கள் கையோடு பிள்ளை கையையும் கழுவுங்கள். பிள்ளை விளையாட என்று அந்த மண்ணை அள்ளி வந்து யாராவது வாசலில் கொட்டினால், தயவு பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள்.

5. கடலை, புளியங்கொட்டை, காசு, பட்டன் பேட்டரி ஆகியவை தரையில் கிடக்கக் கூடாது. பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் காத்திருக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தொண்டை அடைத்து, அழவும் இருமவும் முடியவில்லை என்றால், தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி நடுநெஞ்சில் இரண்டு விரலால் 5 முறை அழுத்துங்கள். அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டுத் துழாவ வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும்.

6. நடைவண்டி வாங்குங்கள், வாக்கர் வேண்டாம். மூன்று சக்கர மர நடைவண்டியைப் பிள்ளை தானே நின்று, தானே தள்ள வேண்டும். கூட ஒரு ஆள் இருந்தால் போதும். நடுவில் உட்கார வைக்கும் வாக்கர் அப்படியில்லை. கண்மூடித் திறப்பதற்குள் நிலைப்படிக்குப் போய்த் தலைகுப்புறக் கவிழும். நடையும் சீக்கிரம் வராது. கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். எங்களுக்கு அன்பளிப்பாக வந்த வாக்கர் இப்போது துணி காயப்போட உதவுகிறது. வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. விரலால் தரையைப் பற்றித்தான் பிள்ளை நிலை கற்கும். மார்கழியில் சிமென்ட் தரை சில்லிட்டால் கோணிமேல் பாய் விரியுங்கள்.

7. "எதிர் வீட்டுப் பிள்ளை பத்து மாசத்திலே நடந்தது" என்று ஆயாக்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் பிள்ளைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 முதல் 9 மாதத்துக்குள். கை முழங்காலில் தவழ்வது 5 முதல் 13 மாதத்துக்குள். தனியே நடப்பது 8 மாதத்தில் தொடங்கி 17 மாதத்துக்கு மேல்கூடப் போகும். நூற்றில் நான்கு பிள்ளைகள் அப்படித் தவழவே இல்லை. எங்கள் மகள் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு போனவள், வாங்கிய ஜட்டியெல்லாம் பின்பக்கம் ஓட்டை. ஆனால் 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, 18 மாதத்திலும் நடக்கவில்லை, ஒரு பக்கக் கை காலை மட்டுமே பயன்படுத்துகிறது, வந்த பழக்கம் மறந்து போகிறது என்றால் தடுப்பூசிக் கணக்கு எழுதும் தாயி கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

8. மகள் வாசல் நிலைப்படி தாண்டிய அன்று எங்கள் வீட்டில் கொழுக்கட்டை. மறுநாளே வாசல் சாக்கடைமேல் கல் பலகை போட வேண்டும். கொழுக்கட்டையைவிட இது அவசரம்.

9. வேலைக்குப் போகும் அப்பனுக்காக ஒரு யோசனை. நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் எறியாமல், பிள்ளை புதிதாக எதையாவது செய்த நாளின் தாளில் ஒரு வரி எழுதித் தாயி கார்டு உறைக்குள் போட்டு வையுங்கள். டாக்டர் எப்போது என்று கேட்டால் விரல் விட்டு எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் மகள் முதலில் நடந்தது ஞாயிற்றுக்கிழமை, என் கண்முன்னால். மனைவியும் என் அம்மாவும் கைதட்டி அப்படி ஆச்சரியப்பட்டார்கள். போன வாரம் ஊசி போடக் கார்டை எடுத்தேன். உள்ளே ஒரு செவ்வாய்க்கிழமைத் தாள், "நாலு அடி" என்று மனைவி கையெழுத்தில். மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.